ஐரீனுக்கும் லூர்துவுக்கும் நடுவில்

சனி, ஆகஸ்ட் 17. ஐரீன் என்றால் ஒளி என்று நேற்று மாலை வகுப்பில் அவளிடம் சொன்னது என் தவறு. இன்று அகராதியில் பார்த்தேன். அது கிரேக்கப் பெயர், பொருள் சமாதானம். இன்றைய வகுப்பு முடிந்ததும் அவளிடம் திருத்திச் சொன்னேன்.

“ஒளியாவே இருந்திருக்கலாம்டி. இப்போ நான்தான் முதல்ல பேசணுமா?” என்றாள் ஐரீன்.

தங்கள் அம்மாவின் அடக்கத்தன்று சண்டை போட்டதிலிருந்து அவளும் அவள் அக்கா லூர்துவும் பேசுவதில்லை. கோயிலில் இருவருக்கும் முன்வரிசையில் ஒரே பெஞ்சுதான், ஆனால் நடுவில் என்னை உட்கார வைத்துக்கொள்வார்கள். பூசையில் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லும்போது இருவரும் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இதை உதவி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நாளை: பூசைக்குச் சீக்கிரமே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும்.