ஷிப்டுக்கு நேரமாச்சு

கக்கத்தில் சுருட்டிய பாய், கையில் பெரிய தூக்குவாளி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டின் சமரச அறைக்குள் செல்லக்கனி வந்த தோரணையைப் பார்த்து, ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த அவள் கணவன் தனுஷ்கோடி சிரித்துவிட்டான்.

"குடியிருக்கவே வந்துட்டியாக்கும்?"

அவள் பாயைச் சுவரோரம் சாத்தினாள். ராஜபாளையத்து வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அவளையும் பெண் குழந்தையையும் மம்சாபுரத்துத் தாய்வீட்டுக்கு அவன் விரட்டி ஒரு வருஷமாகிறது. அவளுக்கு வேண்டியது அந்தச் சாவி.

சமரசம் முடிய எவ்வளவு நாளாகும் என்று வக்கீலம்மா பரிபூரணத்திடம் போன தடவை கேட்டிருந்தாள். ஆள் எழுந்து போகாமல் உட்கார்ந்தால் ஒரே நாள், இல்லையென்றால் ஆயுசுக்கும் இழுக்கும் என்றார் அவர். தனுஷ்கோடியோ ஒவ்வொரு தடவையும் மில்லைச் சாக்குச் சொல்லிப் பாதியிலேயே கிளம்பிவிடுவான். செல்லக்கனிக்கு அழுகை வற்றி, ஆத்திரம்தான் மிச்சமிருந்தது.

"எங்க, கூடவே வால் மாதிரி வருவானே ஒந்தம்பி?"

"மாரிச்சாமி விடியக்காலையே மில் கேட்டுக்குப் போயிட்டான். யாராச்சும் வரலேன்னா பதிலி வேலை கிடைக்குமுல்ல."

கூடப்பிறந்தவனும் கைகழுவிவிட்டான் என்று தனுஷ்கோடிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

சமரசம் பேச வந்த ஓய்வுபெற்ற நீதிபதி முதலில் அவளைக் கேட்டார், பிறகு அவனைக் கேட்டார். வீட்டுச் சாவியைப் பற்றிப் பேச்சு வந்ததுமே அவன் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துகொண்டான்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு சார். பர்மிஷன் போட்டுத்தான் வந்தேன். மேஸ்திரி எம்மிஷின்ல யாரையோ பதிலிக்குப் போட்டிருக்காரு. நான் போய் மாத்தி விடலேன்னா அந்த ஆளு வீட்டுக்குப் போக முடியாது, பாவம்."

நீதிபதி சலிப்போடு அடுத்த வாய்தா தேதி குறிக்கப் பேனாவை எடுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் கண்ணைத் துடைக்கும் செல்லக்கனி, இன்று நிதானமாகத் தூக்குவாளியைத் திறந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிட்டுட்டு ராத்திரி வரைக்கும் பேசலாம், உக்காருங்க. மேஸ்திரிகிட்ட நேத்தே சொல்லி வச்சாச்சு. ஒங்க மிஷின்ல நிக்கது எந்தம்பி."