இரண்டு கேன் தண்ணீர்

நிலக்கரிச் சுரங்கத்தை வீட்டுக்கு அடியில் வெட்டிக்கொண்டு போன மாதமே வெர்னாவின் கிணறு வற்றிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் அண்ணன் டெல்மர், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு கேன் தண்ணீர் இறக்கிவிட்டுப் போகிறான்.

"எங்கேண்ணா பிடிக்கிறே? உன் கிணறும்தானே வத்திப்போச்சு?"

"வேன்ஸ்பர்க் டவுன்ல. கூடப்பொறந்தவளுக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?"

சுரங்கம் வருவதற்கு முன்பு, கிணற்றுத் தண்ணீரை அளக்கக் கம்பெனி ஆள் வந்தபோது எச்சரித்ததும் அவன்தான். "உள்ள விடாத வெர்னா. அளந்துட்டா கிணறே எங்களுதும்பானுங்க. நான் அங்கேயே வேலை பாக்கறவன், எனக்குத் தெரியாதா?"

அவள் நாயை அவிழ்த்துவிட்டாள். ஊரே அவன் பேச்சைக் கேட்டுக் கதவைச் சாத்தியது. அந்தக் கோடையில் அவன் ஃபோர்மேன் ஆனான். வெர்னா கேக் செய்து கொடுத்தாள்.

ஒரு நாள் அவள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள்.

"முன்னாடியே அளந்திருந்தா, வத்தினதுக்கு மாத்துத் தண்ணி சட்டப்படி நாங்க தந்தே ஆகணும்மா," என்றார் அதிகாரி. "உங்க கிணத்துல தண்ணி இருந்துச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"எங்க ஊர்ல யாருமே அளக்க விடலையே."

"ஒருத்தர் விட்டாரே. அவர் வீட்டுத் தொட்டியை வாராவாரம் லாரியில நிரப்பறோம்."

பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரே ஒரு பெயர், டெல்மர் ஹாட்ச்கோ. அளந்த தேதி, அவள் நாயை அவிழ்த்துவிட்டதற்கு முந்தைய நாள்.

மறுநாள் காலையில் அவன் கேன்களை இறக்கினான். வெர்னா இரண்டையும் தூக்கிப்போய்க் கிணற்றுக்குள் கவிழ்த்தாள்.

"இப்ப என் கிணத்துலயும் தண்ணி இருக்கு. அளக்க ஆள் அனுப்புண்ணா."