நிமிஷத்துக்கு ரெண்டு

"சோம்பேறிக் கழுதை! டின்னு டின்னா மாட்டுக்கறி தின்னியே, அதெல்லாம் எங்கடா போச்சு?"

பீரங்கி வடிவமைப்பாளர் ரோதியோனவிச் கத்திய கத்தலில் சோதனைத் திடலே திரும்பிப் பார்த்தது.

டாங்கிக்குள்ளிருந்து தலையை நீட்டினான் மித்ரோஃபான். ஆள் மலை மாதிரி இருப்பான். மூஞ்சி மட்டும் தொங்கிப்போயிருந்தது.

அவருடைய உதவியாளர் ரயீஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை அதிகாரிகள் முன்னால் ஒரு மனுஷனை இப்படியா பேசுவது?

ஆனாலும் மித்ரோஃபான் மேல் அவளுக்கும் கோபம்தான். புதுக் கனரக டாங்கிக்கு எந்தப் பீரங்கி என்று முடிவாகிற நாள் அது. பெரியதா, சின்னதா? சின்னதில் குண்டும் வெடிமருந்தும் ஒரே துண்டு. தள்ளினால் போதும், படபடவென்று சுடலாம். ரோதியோனவிச் வடிவமைத்த பெரியதில் முதலில் குண்டு, பிறகு தனியாக மருந்து. குண்டு மட்டுமே இருபத்தைந்து கிலோ.

அதைத் தூக்கிப் போடத்தான் மித்ரோஃபானைத் தேடிக் கூட்டி வந்தார்கள். வார்ப்படப் பட்டறையில் சாதனை படைத்தவன், பேப்பரில் படம் வந்தவன். அந்தச் சாதனையே மறு வாரம் பட்டறைக்கெல்லாம் சட்டமாகி, எட்ட முடியாதவர்களுக்கு ரொட்டி குறைந்துபோனது வேறு கதை. பட்டறைப் பெண்கள் இன்றைக்கும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒத்திகையில் நிமிஷத்துக்கு நாலு குண்டு, அனாயாசமாகப் போட்டான். இன்றைக்கு ரெண்டுதான்!

கமிட்டித் தலைவர் ஜெனரல் ஃபோமிச் காலையிலேயே சொல்லிவிட்டார். "இன்னிக்கு இங்க என்ன வேகமோ, அதான் படைக்கெல்லாம் விதி. எட்டாதவன் எங்கிட்ட பதில் சொல்லணும். ரொம்ப மெதுவா இருந்துச்சுன்னா, சின்னப் பீரங்கிதான். அப்புறம் அழக் கூடாது."

ஜெனரலுக்குப் பக்கத்தில் நின்ற ரகசியப் போலீஸின் நீலத் தொப்பிக்காரர் மெல்லப் பேனாவைத் திறந்தார்.

"வேணும்னே மெதுவாப் பண்றானோ?"

'வேணும்னே' என்கிற ஒரு வார்த்தை காகிதத்தில் ஏறினால் போதும், அப்புறம் ஆளை எங்கே தேடுவது?

"வேணும்னா?" ரோதியோனவிச் காறித் துப்பினார். "அதுக்கு மூளை வேணுமே, தோழர்! இது தின்னுட்டுத் தூங்குற ஜென்மம். இதைப் போய் வீரன்னு கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

நீலத் தொப்பிக்காரரே சிரித்துவிட்டார். பேனா மூடிக்கொண்டது.

"கடைசிக் குண்டு. போட்டுத் தொலை!"

இலக்கு, சண்டையில் பிடித்து வந்த ஜெர்மன் டாங்கி. மித்ரோஃபான் ஆடி அசைந்து குண்டைப் போட்டான், மருந்தைப் போட்டான். பீரங்கி முழங்கியது. புகை கலைந்தபோது ஜெர்மன் டாங்கிக்குத் தலையே இல்லை. மேல்கூண்டு தனியாகப் பனியில் கிடந்தது.

ஜெனரல் மீசையைத் தடவினார்.

"மெதுவுதான். ஆனா ஒண்ணு பட்டாப் போதும் போலிருக்கே. சரி, இதையே வச்சிக்கலாம். விதியில ரெண்டுன்னே எழுது. தனியா விட்டா இது தாங்காது. பக்கத்துல காலாட்படையும் சின்ன டாங்கிகளும் இல்லாம இதை எங்கேயும் அனுப்பக் கூடாதுன்னும் சேர்த்து எழுது."

ரயீஸாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருக்க, அவள் தன் பங்கு ரொட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

மித்ரோஃபான் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"இந்தாப்பா, சாப்பிடு. அவர் பேசினதை மனசுல வச்சிக்காத. பெரிய மனுஷன், வாய் மட்டும் சாக்கடை. ஆனா உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

மித்ரோஃபான் அக்கம்பக்கம் பார்த்தான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. நாலு போட்டா நாலுதானே விதி? டாங்கிக்குள்ள உக்காரப்போறது நானா? ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வர்ற நோஞ்சான் பசங்க. அவங்களால ரெண்டுதான் முடியும். நாலு வரும்னு நம்பி அவங்களைத் தனியா அனுப்பிச்சா அத்தனை பேரும் சாவாங்க. பட்டறையில நான் பண்ணின பாவம் ஒண்ணு போதாதா?"

ரயீஸாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அடப்பாவி, சத்தமாப் பேசாத! பீரங்கியே கைவிட்டுப் போயிருக்குமே! ரோதியோனவிச்சுக்குத் தெரிஞ்சா உன்னை உயிரோட விடுவாரா?"

மித்ரோஃபான் கையிலிருந்ததைக் காட்டினான். ரொட்டியும் பன்றிக்கொழுப்பும். அதிகாரிகளுக்குக் கொடுக்கிற பங்கு.

"அவரு குடுத்ததுதாங்க இது. மெதுவாத் தூக்குறதுக்குக் காலையில என்னைப் பழக்கிவிட்டதே அவர்தான். 'நான் கண்டபடி கத்துவேன், நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்க. சோம்பேறின்னு நான் முந்திக்கிட்டாத்தான் சதிகாரன்னு அந்த நீலத் தொப்பிக்காரன் எழுத மாட்டான்'னாரு."