கடல் தாண்டிப் போகட்டும்

லண்டனில் ரெனிஷாவுக்கு மெடிக்கல் சீட் கிடைக்க வேண்டுமென்று அவள் அம்மாவைவிட அதிகமாக ஜெபித்தவள் எதிர்வீட்டு ரெபெக்காதான்.

கடைசிப் பரீட்சையில் கெமிஸ்ட்ரிக்கு முழு மதிப்பெண் வாங்கினால்தான் சீட் என்று காலேஜ் நிபந்தனை போட்டிருந்தது. ரெபெக்கா அமெரிக்காவில் இந்தக் காப்பெல் ஊருக்கு வருமுன் நாகர்கோவிலில் கெமிஸ்ட்ரி டீச்சர். தினமும் ரெனிஷாவைத் தன் வீட்டுக்கே வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"உன்ன மாதிரி மனசு யாருக்கு வரும், ரெபெக்கா!" என்று நெகிழ்ந்தாள் ரெனிஷாவின் அம்மா ஜெயலீலா.

"இருக்கட்டும்க்கா. அவ நல்லா வரணும்."

ரெனிஷா தூரமாகப் போகணும் என்பதுதான் ரெபெக்காவின் ஆசை. அவளுடைய ஒரே மகன் ஷைன், அம்மா என்ன கேட்டாலும் "ஓகே மாம்" என்பதோடு சரி. ரெனிஷா போன் பண்ணினால் மட்டும் மணிக்கணக்காகச் சிரிப்பான். ஒருநாள் அவள் செய்த கருகிய கேக்கைப் புகழ்ந்தான். ரெபெக்காவுக்கு வயிறு எரிந்தது. அவ லண்டன் போய்ட்டா அஞ்சு வருஷம் நிம்மதி!

ஜூலையில் ரிசல்ட் வந்தது. முழு மதிப்பெண். சீட் உறுதி.

ரெபெக்கா கேசரி கிளறி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். ஷைன் அங்கே முன்பே நின்றிருந்தான்.

"சர்ப்ரைஸ், மாம்! எனக்கும் அதே காலேஜ்ல கெமிஸ்ட்ரி சீட்! கிடைக்கலன்னா ஃபீல் பண்ணுவீங்கன்னு டாடிகிட்ட மட்டும்தான் சொன்னேன். நீங்க அவளுக்கு எடுத்த கிளாஸ் எல்லாம் நானும்தான கேட்டேன்!"

ரெபெக்காவின் கண் கலங்கியது. ரெனிஷா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அழாதீங்க ஆன்ட்டி. ஷைனை நான் பாத்துக்கிறேன்."