பின்பக்கத்து கேபிள்

மூட்டை தூக்குகிற மனுஷனுக்கு கேம் விளையாடுகிற லேப்டாப் எதற்கு? போதாததற்குப் பெரிய மானிட்டர் வேறு. புருஷன் வேலையிலிருந்து வந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சுக்குள் புகைந்தது.

கதவில் காதை வைத்தாள்.

"வாடி என் தங்கம்... ஆடாம வா... மெல்ல, மெல்ல..."

யாரைக் கொஞ்சுகிறான் இந்த வயதில்?

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பிக்கு போன் போட்டாள். "உடைக்கக் கூடாதுடா. ஆனா அவரே வெறுத்துப்போய் மூடி வைக்கணும். வழி சொல்லு."

தம்பி சிரித்தான். "மானிட்டர் கேபிளை லேப்டாப்புக்குப் பின்னாடிதானே செருகியிருக்காரு? அது படத்தை வேகமா ஓட்டுற தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகுது. பிடுங்கி, பக்கவாட்டுல இருக்குற ஓட்டையில செருகிடுக்கா. படம் திக்கித் திக்கித்தான் வரும். மாமாவுக்கு ஒண்ணும் புரியாது."

மறுநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் மாற்றிச் செருகினாள்.

உள்ளே போய்த் தாழ் போட்டவன் சீக்கிரமே வெளியே வந்தான். முகம் செத்திருந்தது.

"என்னங்க, உங்க தங்கம் கோவிச்சுக்கிட்டாளா?"

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "முதுகுல டிஸ்க் விலகிப்போச்சு, இனிமே மூட்டை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ பயப்படுவேன்னு மறைச்சேன். கிரேன் ஓட்டத் தெரிஞ்சா வேலையில வெச்சுக்கிறோம்னு கம்பெனியில சொன்னாங்க. இந்த லேப்டாப்புல இருக்குற கிரேன் கேம்லதான் கொக்கியை ஆடாம இறக்கப் பழகினேன். இன்னிக்கு இதுலயே பரீட்சை. ஆபீசர் கம்பெனியிலேருந்தே நெட்டுல பார்த்தாரு. கொக்கி ஆடி ஆடித்தான் இறங்குச்சு."

"என்ன சொன்னாரு?"

அவன் கையை நீட்டிப் பார்த்தான். அது நடுங்கவில்லை.

"கை நடுங்குறவனுக்கு கிரேன் கிடையாதாம்."