அடைக்கோழியின் ஓட்டு

தோப்புக்குத் தலைவர் தேர்தல் வந்தது. வான்கோழியும் சேவலும் போட்டியிட்டன.

பத்து முட்டைகளின் மேல் அடை உட்கார்ந்திருந்த கோழியிடம் முதலில் வான்கோழிதான் ஓட்டுக் கேட்டு வந்தது.

"தங்கச்சி, நான் ஜெயித்தால் நீ இப்படிக் கஷ்டப்பட வேண்டாம். தோப்பில் உள்ள எல்லா முட்டைகளையும் ஒரே கொட்டகையில் வைத்து அரசாங்கமே அடைகாக்கும்."

"யார் உட்காருவாங்க அண்ணே?"

"அதற்கு ஒரு குழு போடுவோம்."

கோழி குனிந்து முட்டைகளைப் பார்த்தது. சூடு ஆறிவிட்டால் ஒரு குஞ்சுகூடப் பொரியாதே!

"அப்படின்னா நான் தண்ணி குடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் நீங்களே உட்காருங்க."

வான்கோழி உட்கார்ந்தது. கோழி இரண்டு மடக்குக் குடிப்பதற்குள், "அடுத்த கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டது. கோழி அலகில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகளை மூடிக்கொண்டது.

"இருபத்தொரு நாள் உட்காரணும் அண்ணே! நீங்க ஒரு கொட்டாவி விடுற நேரம்கூட உட்காரலையே!"

பிறகு சேவல் வந்தது.

"நீங்க என்ன செய்வீங்க மாமா?"

"கீரி வந்தா கத்துவேன், கொத்தி விரட்டுவேன். முட்டையை நீதான் பார்த்துக்கணும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

கோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் ஓட்டு உங்களுக்குத்தான் மாமா. இங்கே நின்னு பேசிக்கிட்டிருக்காம வேலிப்பக்கம் போங்க!"