வக்கீலம்மா கொண்டுவந்த பொருள்

வகுப்பு வாசலில் நின்றவர் திருதிருவென்று விழித்தார்.

"என்ன தப்பு பண்ணினா டீச்சர்? அப்பாவைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னீங்களாமே..."

நான் யாரையும் வரச் சொல்லவில்லை.

அவர் விரலைப் பிடித்திருந்தவள் எங்கள் ஒன்றாம் வகுப்பின் வக்கீலம்மா. அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். வாயைத் திறந்தாளென்றால் எதிராளிக்கு வாய்தாகூடக் கிடைக்காது.

முந்தைய நாள்தான் வடிவங்கள் பாடம். காகிதத்தில் வெட்டிய வட்டம் தட்டை. நோட்டுக்குள் வைத்து மூடிவிடலாம். பந்தை அப்படி மூட முடியாது. அது கன வடிவம். பள்ளிக் கண்காட்சிக்காக வீட்டிலிருந்து ஆளுக்கொரு கன வடிவம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

ஜன்னலோர பெஞ்சில் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. பற்பசை வந்த அட்டைப்பெட்டி, பவுடர் டப்பா, பிறந்தநாள் தொப்பி, காற்று இறங்கிய பந்து. ஒருவன் ஸ்டிக்கரைக் கொண்டுவந்துவிட்டு, அதுவும் கனம்தான் என்று அழுதுகொண்டிருந்தான்.

வக்கீலம்மாவின் கையில் ஒன்றுமில்லை.

"உன்னோடது எங்கடி, கொண்டுவரலையா?"

"இதோ" என்று அப்பாவை முன்னால் தள்ளினாள்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அசரவில்லை. அப்பாவின் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். முன்னால பாருங்க, பின்னால பாருங்க, பக்கவாட்டுல பாருங்க. தலை கோளம். கை உருளை. மூக்கு கூம்பு. நோட்டுக்குள்ள வச்சு மூட முடியுமா?

முடியாதுதான்.

ஸ்டிக்கர்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "உருளை வடிவம்னா உருளணுமே. இவர் உருளுவாரா?"

நான் அவனை அதட்ட வாயெடுப்பதற்குள் அந்த மனிதர் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை என் மேசைமேல் வைத்தார். தரையில் நீட்டிப் படுத்து, கரும்பலகையிலிருந்து பின்சுவர் வரைக்கும் உருண்டார்.

பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிக் குதித்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

எழுந்தபோது அவருடைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூள். மகள் ஒரு கையால் தட்டிவிட்டாள். மறு கை அவர் விரலை விடவில்லை.

"அப்ப நான் கிளம்பறேன் டீச்சர். நிறைய வேலை கிடக்கு."

வக்கீலம்மா வாசலை மறித்து நின்றாள்.

"போகக் கூடாது. கொண்டுவந்த சாமானெல்லாம் கண்காட்சி முடியற வரைக்கும் இங்கேயேதான் இருக்கணும், யாரும் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

சொன்னேன்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கண்காட்சிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கேடி. அதுவரைக்கும் அப்பா இந்த பெஞ்சுலயா இருப்பாரு?"

"ஆமா" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைத் தேடுகிறவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில எனக்கு ஃப்ளைட், டீச்சர்" என்றார் மெதுவாக. "இனி ரெண்டு வருஷம் கழிச்சுதான் லீவு."

வக்கீலம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு நான் சொல்ல வேண்டும்.

பவுடர் டப்பாவையும் தொப்பியையும் ஓரமாக நகர்த்தினேன். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது.

அவர் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

மாலையில் மணி அடிக்கும்வரை அசையவேயில்லை.